விடுமுறையும் ஊர்ப் பயணமும்

ஆண்டுதோறும் மாசி மாதம் முடிந்து பங்குனி பிறக்கும் வேளையில், தலைநகரில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் ஒரே கேள்வி தவறாமல் எழுகின்றது. ஊரில் குலதெய்வத்துக்குப் பொங்கலிட நாள் குறித்திருக்கிறார்கள். அல்லது மாமன் மகளுக்குத் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. அல்லது வயது முதிர்ந்த பாட்டியார், "ஒரு முறை குழந்தைகளைக் கண்ணில் காட்டிவிட்டுப் போங்கள்" என்று சொல்லியனுப்பியிருக்கிறார். ஆனால் இங்கே பள்ளி நடந்துகொண்டிருக்கிறது. பத்து நாட்கள் குழந்தையைப் பள்ளியிலிருந்து நிறுத்தி அழைத்துச் செல்லலாமா? செல்வது தகுமா?

இதனை ஒவ்வொரு வீட்டாரும் தத்தம் சொந்தச் சங்கடமாகவே கருதிக் கணவனும் மனைவியுமாக இரவில் பேசி, காலையில் ஒருவாறு முடிவு செய்கிறார்கள். ஆனால் இக்கேள்விக்குப் பின்னே நீண்டதொரு வரலாறு இருக்கின்றது. குழந்தையின் நாட்கள் யாருக்கு உரியவை, பெற்றோருக்கா, பள்ளிக்கா, அரசுக்கா என்ற வழக்கு இந்நாட்டில் இருநூறு ஆண்டுகளாக நடந்துவருகிறது. அவ்வரலாற்றை அறிந்துகொண்டால், நம் வீட்டுச் சங்கடத்துக்கும் ஓரளவு தெளிவு பிறக்கும் என்ற நம்பிக்கையினாலேயே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

திண்ணைப் பள்ளியின் நாட்கள்

நம் முன்னோர் பயின்ற திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்ற வழக்கம் கிடையாது. அங்கே விடுமுறையை வகுத்தவன் வானத்துச் சந்திரனே. அமாவாசை, பௌர்ணமி ஆகிய உவா நாட்களில் பாடம் இல்லை. அவற்றை அடுத்த பிரதமையிலும், இடையே வரும் அட்டமியிலும் ஏடு திறப்பதில்லை. உவா என்னும் சொல்லே பேச்சு வழக்கில் வாவு என்று மருவிப் பள்ளி விடுமுறைக்கே பெயராயிற்று. விசயதசமியன்று புதுப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பதும், நவராத்திரி நாட்களில் ஆசிரியர் தம் மாணாக்கரைக் கோலாட்டத்துடன் வீடுவீடாக அழைத்துச் சென்று பரிசு பெறுவதும் அக்காலத்துப் பள்ளி வாழ்வின் பகுதிகள். ஊரின் திருநாளே பள்ளியின் திருநாள். ஊர் வேறு, பள்ளி வேறு என்ற பிரிவு அன்று இல்லை.

அதனால் அக்காலத்தில் வருகையைப் பற்றிய கண்டிப்பே இல்லை என்று எண்ணிவிடலாகாது. சென்னை மாகாணத்தின் ஆளுநராக இருந்த சர் தாமஸ் மன்றோ, மாகாணம் முழுவதிலும் உள்ள பள்ளிகளைக் கணக்கெடுக்குமாறு 1822-ஆம் ஆண்டில் கட்டளையிட்டார். 1826-இல் அவர் எழுதிய குறிப்பின்படி, மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. அவற்றில் 1,88,650 மாணாக்கர் பயின்றனர். இக்கணக்கெடுப்புக்காகப் பல்லாரி மாவட்ட ஆட்சியர் காம்ப்பெல் 1823-இல் அனுப்பிய அறிக்கையில் ஒரு பள்ளியின் நாள் எவ்வாறு தொடங்கியது என்பது சுவைபட விளக்கப்பட்டிருக்கிறது. காலை ஆறு மணிக்குப் பள்ளி திறக்கும். முதலில் வரும் பிள்ளையின் உள்ளங்கையில் சரசுவதியின் பெயர் எழுதப்படும். இரண்டாவதாக வருபவன் கையில் ஒரு சுழி. அவனுக்குப் புகழும் இல்லை, இகழும் இல்லை. மூன்றாமவனுக்கு மெல்லியதாக ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு, அதன்பின் வருபவர்க்கெல்லாம் ஒவ்வொன்றாக அடி கூடிக்கொண்டே போகும்! தாமதத்துக்கே இவ்வளவு என்றால் வராமற்போனவன் கதியைச் சொல்லவும் வேண்டுமோ?

அதே அறிக்கையில் நம் நெஞ்சைத் தொடும் வேறொரு செய்தியும் உண்டு. ஒன்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்ந்த அம்மாவட்டத்தில் 533 பள்ளிகளே இருந்தன. பயின்றவர் 6,641 பேர் மட்டுமே. முன்பு பள்ளி இருந்த ஊர்கள் பலவற்றில் இப்போது பள்ளியே இல்லை என்றும், நாடு வறுமையுற்றதே அதற்குக் காரணம் என்றும் காம்ப்பெல் எழுதினார். பிள்ளைகள் வேலை செய்தாலன்றி அடுப்பு எரியாது என்ற நிலையில் பெற்றோர் அவர்களைப் பள்ளியிலிருந்து நிறுத்திக்கொண்டனர். பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்துவது என்பதற்கு அன்று பொருள் உல்லாசப் பயணம் அன்று, வயிற்றுப் பாடு. இதனை நாம் மறவாதிருத்தல் வேண்டும்.

பதிவேடும் சட்டமும்

1854-ஆம் ஆண்டின் வுட் கல்வி அறிக்கைக்குப் பின்னர், தனியார் நடத்தும் பள்ளிகளுக்கும் அரசு மானியம் வழங்கும் முறை பரவிற்று. மானியம் வந்ததும் ஆய்வாளர் வந்தார். ஆய்வாளர் வந்ததும் வருகைப் பதிவேட்டுக்கு மதிப்பு வந்தது. ஆண்டு முழுவதற்கும் அச்சிட்ட அட்டவணையும், ஞாயிறு விடுமுறையும், நீண்ட கோடை விடுமுறையும் மெல்ல மெல்ல நிலைபெற்றன. சந்திரன் வகுத்த நாட்காட்டி போய், அலுவலகம் வகுத்த நாட்காட்டி வந்தது.

ஆயினும் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியே தீரவேண்டும் என்ற சட்டம் வருவதற்கு நெடுங்காலம் ஆயிற்று. பரோடா சமஸ்தானத்தின் அரசர் சயாஜிராவ் கெய்க்குவாட் 1893-இல் அம்ரேலிப் பகுதியில் கட்டாயக் கல்வியைச் சோதனையாகத் தொடங்கி, 1906-இல் அதனைத் தம் சமஸ்தானம் முழுவதற்கும் விரிவாக்கினார். அதனை முன்மாதிரியாகக் கொண்டு கோபால கிருஷ்ண கோகலே 1911-இல் மத்திய சட்டசபையில் ஒரு மசோதாவைக் கொணர்ந்தார். ஆறு முதல் பத்து வயது வரையிலான சிறுவர்களை, படிப்படியாக, தகுதியுள்ள பகுதிகளில் மட்டும் கட்டாயமாகப் பள்ளிக்கு அனுப்பச் செய்வதே அதன் நோக்கம். அவ்வளவு அடக்கமான கோரிக்கையும் 1912 மார்ச்சில் 13-க்கு எதிராக 38 வாக்குகளால் தோற்கடிக்கப்பட்டது. 1918-இல் பம்பாயிலும், 1920-இல் சென்னையிலும் தொடக்கக் கல்விச் சட்டங்கள் இயற்றப்பட்ட பின்னரே கட்டாயக் கல்விக்கு ஒரு வாயில் திறந்தது.

சட்டம் மட்டும் பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டுவந்துவிடுமா? பசித்த பிள்ளை எப்படி வரும்? சர் பிட்டி தியாகராயர் சென்னை நகராண்மைக்குத் தலைமை வகித்த காலத்தில், 1920-ஆம் ஆண்டில், ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த மாநகராட்சிப் பள்ளியில் நண்பகல் உணவு அளிக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. 1956-இல் காமராசர் ஆட்சியில் அவ்வேற்பாடு மாநிலப் பள்ளிகளுக்கு விரிந்தது. வராத பிள்ளைகளை வரவழைத்தது பிரம்பன்று, ஒரு பிடி சோறு என்பதனை வரலாறு காட்டிவிட்டது.

இதற்கிடையில் 1953-ஆம் ஆண்டில், இராஜாஜி முதலமைச்சராயிருந்தபோது, சென்னை மாநிலக் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு புதுத் திட்டம் புகுத்தப்பட்டது. பிள்ளைகள் பாதிநாள் பள்ளியில் பயில்வர். எஞ்சிய நேரத்தில் பெற்றோருடன் இருந்து தொழில் பழகுவர். இடவசதியும் ஆசிரியரும் போதாத நிலையில் மேலும் பல பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க இது வழி என்றனர் ஆதரித்தோர். குலத்தொழிலில் பிள்ளைகளைக் கட்டிப்போடும் திட்டம் இது என்று எதிர்த்தோர் முழங்கினர். நாடெங்கும் கிளர்ச்சி எழுந்தது. 1954-இல் முதலமைச்சரான காமராசர் அத்திட்டத்தைக் கைவிட்டார். பிள்ளையின் நாளில் பாதியை வீட்டுக்குத் திருப்பித் தருவதாகச் சொன்னபோது, வேண்டாம் என்று மறுத்தவர்கள் யார் என்பதைச் சிந்தித்துப் பாருங்கள். பள்ளி நாள் என்பது தங்கள் மக்களுக்கு எவ்வளவு அரிதாகக் கிட்டிய செல்வம் என்பதை அறிந்தவர்கள் அவர்கள். பள்ளியின் உரிமை என்று நாம் இன்று சலிப்போடு சொல்வது, உண்மையில் பிள்ளையின் உரிமை. ஏழைகள் போராடிப் பெற்ற உரிமை.

இறுதியாக 2002-ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தம் கல்வியை அடிப்படை உரிமையாக்கிற்று. 2009-இல் நிறைவேறி 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 நாட்களும், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 220 நாட்களும் பள்ளி நடைபெறவேண்டும் என்று வரையறுத்தது.

இடம்பெயர்ந்த தலைநகரும் இடம்பெயர்ந்த பள்ளியும்

இனி, தலைநகருக்கு வந்த நம்மவர் கதைக்கு வருவோம். இக்கதையில் பள்ளி நாட்காட்டியின் போக்கை விளக்கும் விந்தையான காட்சி ஒன்று உண்டு.

1864-ஆம் ஆண்டு முதல் சிம்லா இந்திய அரசாங்கத்தின் கோடைத் தலைநகராக விளங்கிற்று. வெயில் ஏறத் தொடங்கியதும் அரசாங்கம் மூட்டை கட்டிக்கொண்டு மலையேறும். குளிர் தொடங்கியதும் சமவெளிக்கு இறங்கும். முதலில் கல்கத்தாவுக்கும் சிம்லாவுக்குமாக நடந்த இந்த ஏற்ற இறக்கம், 1911 டிசம்பரில் தலைநகர் மாற்றம் அறிவிக்கப்பட்ட பின்னர், தில்லிக்கும் சிம்லாவுக்குமாக நடந்தது. 1903-இல் கால்கா–சிம்லா ரயில் பாதை அமைந்தபின் பயணம் எளிதாயிற்று. கோப்புகளும் பெட்டிகளும் எழுத்தர்களும் அவர்தம் குடும்பங்களும் ஆண்டுக்கு இருமுறை இடம்பெயர்ந்தன.

அக்குடும்பங்களில் தமிழ்க் குடும்பங்களும் இருந்தன. ஆங்கிலமும் கணக்கும் கற்றுச் சர்க்கார் உத்தியோகத்துக்கு வடக்கே வந்த நம் பாட்டனார் தலைமுறையினர், கம்பளிச் சட்டைக்குமேல் அங்கவஸ்திரம் அணிந்து, மலைச் சரிவில் ஆறு மாதமும் சமவெளியில் ஆறு மாதமுமாகக் குடித்தனம் செய்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளின் படிப்பு என்னாவது? பள்ளியே உடன் சென்றது! 1917-இல் சிம்லாவில் நிறுவப்பட்ட ஹார்கோர்ட் பட்லர் பள்ளி, சிம்லாவுக்கும் தில்லிக்குமாக அரசாங்கத்துடன் சேர்ந்து இடம்பெயர்ந்தது. தமிழர் தம் குழந்தைகளுக்குத் தாய்மொழியும் கற்பிக்க விரும்பி 1923-இல் தொடங்கிய மதராஸி கல்விச் சங்கமும் இந்த இடம்பெயர்வின் நடுவிலேயே பிறந்தது. அதுவே வளர்ந்து, இன்று தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் என்ற பெயரில் தலைநகரில் பள்ளிகள் பலவற்றை நடத்திவருகிறது. தாய்மொழி மறவாத தலைமுறைகள் தில்லியில் உருவானமைக்கு அம்முன்னோடிகளுக்கு நாம் என்றென்றும் கடமைப்பட்டுள்ளோம்.

இக்காட்சியிலிருந்து ஓர் உண்மை விளங்குகின்றது. பள்ளி நாட்காட்டி கல்லில் செதுக்கிய கட்டளை அன்று. அரசாங்கத்துக்கு வெயில் பொறுக்கவில்லை என்றால் பள்ளிகூட மலையேறிற்று. அதிகாரம் உடையவர்களின் தேவைக்குப் பள்ளி வளைந்துகொடுத்தது. குடும்பத்தின் தேவைக்கு அது எவ்வளவு வளைய வேண்டும் என்பதே நம் கேள்வி.

ரயிலும் சலுகையும்

அந்த நாட்களில் தில்லியிலிருந்து ஊருக்குப் போவது என்றால் அது எளிய காரியமன்று. காசிப்பேட்டைக்கும் பல்லார்ஷாவுக்கும் இடையிலான இணைப்புப் பாதை 1929-இல் முடிந்த பின்னரே, நாட்டின் நடுவே நேராகத் தெற்கே செல்ல வழி பிறந்தது. கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் அவ்வாண்டில்தான் ஓடத் தொடங்கிற்று. நம்மவர் அதனை "ஜி.டி." என்று வீட்டு மனிதரைப்போல் செல்லமாக அழைத்தனர். இரண்டு இரவுகளைக் கரிப்புகையில் கழித்துச் சென்னை சென்ட்ரலில் இறங்கி, எழும்பூருக்குப் போய்ச் சிற்றகல ரயிலில் மாறி, மற்றோர் இரவு பயணம் செய்தாலன்றித் திருநெல்வேலிச் சீமைக்குப் போய்ச் சேர முடியாது. போக மூன்று, வர மூன்று, பயணத்துக்கே ஆறு நாட்கள் என்றால், ஒரு வாரத்துக்காக யார் புறப்படுவார்கள்? ஆகவே இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை, நீண்ட விடுப்பில், படுக்கைச் சுருளும் கூஜாவும் புளியோதரைப் பொட்டலமுமாகப் புறப்படுவதே வழக்கமாயிற்று.

இவ்வழக்கத்துக்கு அரசாங்கமும் ஒரு வடிவம் தந்தது. 1956-இல் மத்திய அரசு ஊழியர்களுக்கு விடுப்புப் பயணச் சலுகை வந்தது. இரண்டு ஆண்டுக் காலப் பகுதிக்கு ஒரு முறை, ஊழியரும் குடும்பத்தாரும் தம் சொந்த ஊருக்குப் போய்வர அரசாங்கம் பயணச் செலவில் உதவியது. இதற்காக ஒவ்வொருவரும் தம் சொந்த ஊர் இன்னது என்று எழுதிக் கொடுத்துப் பதிவு செய்யவேண்டும். தில்லியில் பிறந்து தில்லியில் வளர்ந்த பிள்ளைக்குக்கூட, தந்தையின் அலுவலகக் கோப்பில் தாமிரபரணிக் கரையிலோ காவிரிக் கரையிலோ ஒரு சொந்த ஊர் எழுதப்பட்டது. ஊரோடு உறவு அறுந்துவிடலாகாது என்று ஓர் அரசாங்கமே எண்ணிச் செலவு செய்தது என்பதை நாம் பெருமையுடன் நினைக்கலாம்.

1976-இல் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஓடத் தொடங்கியபின் பயண நேரம் குறைந்தது. இன்று விமானமும் பலருக்கு எட்டியுள்ளது. தூரம் சுருங்கிற்று, ஆனால் சங்கடம் சுருங்கவில்லை. பழைய நாளில் ஊருக்குப் போவது அரிது. ஆகவே போகும்போது பள்ளி விடுமுறையைப் பார்த்துப் போனார்கள். இன்று போவது எளிது. ஆகவே ஒவ்வொரு அழைப்பிதழும் ஒரு கேள்வியாக வந்து நிற்கின்றது.

இரண்டு நாட்காட்டிகள்

போதாக்குறைக்கு, வடக்கின் பள்ளி ஆண்டும் தெற்கின் பள்ளி ஆண்டும் பொருந்துவதில்லை. இங்கே ஏப்ரல் பிறந்ததும் புது வகுப்பு தொடங்கிவிடுகிறது. மே மாத நடுவிலோ சற்று முன்னரோ விடுமுறை விட்டு, சூலையில் பள்ளி திறக்கிறது. தமிழகத்திலோ ஏப்ரலில் தேர்வு முடிந்து விடுமுறை தொடங்கி, சூனில் பள்ளி திறந்துவிடுகிறது. நம் பிள்ளைகள் ஊர்போய்ச் சேரும்போது, அத்தை பிள்ளைகளுக்கும் சித்தப்பா பிள்ளைகளுக்கும் விடுமுறையில் பெரும்பகுதி கழிந்துவிடுகிறது. இரண்டு மூன்று வாரம் ஒன்றாக விளையாடுவதற்குள் அவர்கள் புதுப் புத்தகங்களுக்கு அட்டை போட உட்கார்ந்துவிடுகிறார்கள். நம் பிள்ளைகள் திண்ணையில் தனித்து உட்கார்ந்து, கத்திரி வெயிலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

திருநாட்களும் அப்படியே. பங்குனி உத்திரம் இங்கே ஆண்டுத் தேர்வும் புது வகுப்பும் நெருங்கும் நேரத்தில் வருகிறது. மதுரைச் சித்திரைத் திருவிழா புது வகுப்பின் முதற் பாடங்களின்மேல் வருகிறது. ஆடிப் பெருக்கன்று பிள்ளைகள் இங்கே வகுப்பில் இருக்கிறார்கள். சட்டம் கேட்கும் 200 நாட்கள் போக ஆண்டில் 165 நாட்கள் எஞ்சுகின்றன. கணக்குக்கு அது ஏராளம். ஆனால் அந்நாட்கள் பாட்டியின் நாட்களோடும் ஊரின் நாட்களோடும் சேருவதில்லை. இதுவே புலம்பெயர்ந்த குடும்பத்துக்கு மட்டும் உரிய தனிச் சங்கடம்.

இக்கேள்வி நமக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் ஒரு தந்தை, 2015 ஏப்ரலில், தலைமை ஆசிரியர் இசைவு மறுத்தும் தம் மகளை ஏழு நாள் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு உல்லாசப் பயணம் அழைத்துச் சென்றார். அறுபது பவுன் அபராதம் விதித்தார்கள், அவர் கட்ட மறுத்தார், அது நூற்றிருபதாயிற்று. மகள் மற்ற நாட்களில் ஒழுங்காகவே பள்ளிக்கு வந்தாள் என்பது அவர் வாதம். கீழ் நீதிமன்றங்களில் வென்றார். ஆனால் 2017 ஏப்ரலில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், ஒழுங்காக வருதல் என்பதற்குப் பள்ளியின் விதிப்படி வருதல் என்றே பொருள் என்று தீர்ப்பளித்துவிட்டது. நம் நாட்டில் இவ்வளவு கடுமை இல்லை. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் பொதுத் தேர்வு எழுதுவோர்க்கு நூற்றுக்கு 75 விழுக்காடு வருகையைக் கேட்கிறது. மற்ற வகுப்புகளில் பெரும்பாலும் பெற்றோரின் கடிதத்தோடு காரியம் முடிந்துவிடுகிறது. அந்தக் கடிதத்தைப் பற்றியே நான் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன்.

நான் செய்த இரு பிழைகள்

இவ்விடத்தில் என் சொந்த அனுபவத்தைக் கூறுவதற்கு வாசக அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர், என் தமக்கையார் மகனுக்கு ஆவணி மாதத்தில் திருமணம். என் மகள் அப்போது ஐந்தாம் வகுப்பு. உண்மையைச் சொன்னால் விடுப்புத் தரமாட்டார்கள் என்று நானாக எண்ணிக்கொண்டு, அவளுக்குச் சுரம் என்று பள்ளிக்குக் கடிதம் எழுதினேன். பத்து நாள் கழித்துத் திரும்பினோம். அவள் இரு கைகளிலும் மருதாணி செக்கச் செவேலென்று சிவந்திருந்தது; அதனை நான் எண்ணிப் பார்க்கவே இல்லை. வகுப்பில் ஆசிரியை அவள் கையைப் பார்த்தார், கடிதத்தையும் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. மாலையில் வீட்டுக்கு வந்த குழந்தை கைகளை முதுகுக்குப் பின்னே மறைத்துக்கொண்டு, "அப்பா, எனக்குச் சுரம் வந்ததா?" என்று கேட்டாள். மருதாணி அழியும் வரையில் அவள் கையை நீட்டி எதையும் வாங்கவில்லை. பத்து நாள் பாடத்தை ஒரு வாரத்தில் ஈடு செய்துவிட்டாள். ஆனால் தந்தையின் கடிதத்தில் அவள் கற்ற பாடத்தை ஈடுசெய்ய எனக்கு வழி தெரியவில்லை.

அந்த வெட்கத்தில், இனிப் பள்ளி நாட்களில் குழந்தைகளை எங்கும் அழைத்துச் செல்வதில்லை என்று உறுதி பூண்டேன். நான்கு ஆண்டுகள் கழிந்தன. ஊரில் என் தாயாருக்கு எண்பது வயது நிறைந்தது. ஐப்பசி மாதத்தில் சுற்றமெல்லாம் கூடிற்று. மகன் எட்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தான். வகுப்புத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. நான் மட்டும் தனியே போனேன். வாசலில் இறங்கியதும் தாயார் என் பின்னால் பார்த்தார், "பேரன் வரவில்லையா?" என்றார். "பள்ளிக்கூடம் இருக்கிறது அம்மா, கோடையில் எல்லோரும் வருகிறோம்" என்றேன். "படிக்கட்டும், படிக்கட்டும்" என்றார். திரும்பும்போது ஒரு தகர டப்பா நிறையத் தேன்குழல் கொடுத்தனுப்பினார். கோடை வரவில்லை, மாசியிலேயே அவர் காலமானார்.

அப்போது மகனை அழைத்துக்கொண்டு புறப்பட்டோம். பள்ளிக்கு, "பாட்டி காலமானார்" என்று இரண்டு வரி எழுதினேன். ஒரு சொல் மறுப்பின்றிப் பத்து நாள் விடுப்புக் கொடுத்தார்கள். தவறிய தேர்வையும் பின்னர் எழுத இசைந்தார்கள். இறந்தவருக்காகக் கேட்டவுடன் கிடைத்த விடுப்பை, இருந்தவரைக் காண்பதற்காக நான் கேட்கவே இல்லையே என்ற எண்ணம் இன்றளவும் என்னை விட்டு நீங்கவில்லை.

முதல் முறை பொய் சொல்லிக் கேட்டேன். இரண்டாம் முறை கேட்காமலே இருந்தேன். உண்மையைச் சொல்லிக் கேட்பது என்ற மூன்றாவது வழி ஒன்று இருந்தது. அது எனக்குத் தோன்றவில்லை.

முடிவாகச் சில சொற்கள்

வரலாறு நமக்கு இரு பக்கத்துப் பாடத்தையும் புகட்டுகின்றது. பள்ளி நாள் மலிவான பொருளன்று. பல்லாரியில் வறுமையால் ஏடு மூடிய பிள்ளைகளும், கோகலேயின் தோற்ற மசோதாவும், நண்பகல் உணவுக்காக வரிசையில் நின்ற சிறுவர்களும் அந்த நாளின் விலையை நமக்குச் சொல்கிறார்கள். ரயில் கட்டணம் குறைவு, விடுதியில் கூட்டமில்லை என்பன போன்ற காரணங்களுக்காக அதனை வீசி எறிவது முறையன்று. வேலைக்காரப் பெண்ணின் மகன் ஒரு நாளும் தவறாமல் பள்ளிக்குப் போகும் காலனியில், நம் பிள்ளை மலைவாசத்துக்காகப் பத்து நாள் நிற்பது அழகுமன்று.

அதே வேளையில், பள்ளியால் கற்பிக்க இயலாதனவும் உண்டு. பாட்டியின் பேச்சில் உள்ள தமிழை எந்தப் பாடநூலும் தராது. உறவுமுறைச் சொற்களைப் பந்தியில் பரிமாறும்போதுதான் பிள்ளை கற்கிறது. பெரியப்பா யார், தாய்மாமன் யார், அவருக்கு ஏன் அத்தனை மரியாதை என்பதெல்லாம் மணவறையின் முன்னே நின்றால்தான் விளங்கும். தில்லியில் பிறந்த பிள்ளைக்கு இது விடுமுறை அன்று. அவனுக்குக் கிட்டாத வேறொரு பள்ளி.

ஆகவே என் சிற்றறிவுக்கு எட்டியதைக் கூறுகிறேன். காத்திருக்கக்கூடிய காரணமாயின் விடுமுறை வரும்வரை காத்திருப்போம். காத்திருக்க இயலாத மனிதர்களுக்காக மட்டும் பள்ளி நாட்களைக் கேட்போம். கேட்கும்போது உண்மைக் காரணத்தை எழுதி, ஆசிரியரை நேரில் கண்டு கேட்போம். பிள்ளையையும் உடன் வைத்துக்கொண்டே கேட்போம். மறுத்தால் அதன் காரணத்தைப் பொறுமையுடன் அறிவோம். பொதுத் தேர்வு வகுப்புகளில் மறுப்பது பெரும்பாலும் பிள்ளையின் நன்மைக்கே. இசைந்தால், தவறும் பாடங்களை முன்னரே கேட்டு வாங்கி, ரயிலிலும் திண்ணையிலும் படிக்கச் செய்வோம். ஊரில் கண்டதையும் கேட்டதையும் பிள்ளை தன் கையால் தமிழில் எழுதிக்கொண்டு வரட்டும். இவ்வாறு எழுதியவற்றை அடுத்த ஆண்டு மலரில் வெளியிட நம் சங்கம் இடம் தருமாயின், அதனைக் காட்டிலும் நல்ல பயன் வேறில்லை.

நிலவைப் பார்த்துப் பள்ளியை மூடிய காலமும் போயிற்று. அரசாங்கத்தோடு பள்ளி மலையேறிய காலமும் போயிற்று. இன்று இருப்பது நம் மேசைமேல் உள்ள ஒரு வெள்ளைத் தாளும் ஒரு பேனாவும். அதில் உண்மையை எழுதும் துணிவு நமக்கு இருக்குமானால், பாதிச் சங்கடம் தீர்ந்தது. மீதிச் சங்கடத்தை ஊரில் வழிபார்த்துக் காத்திருக்கும் முதியவர்கள் தீர்த்துவிடுவார்கள்.